நீலம் வராத உப்பு

நவம்பர் 20, வியாழன்

இன்று காலை மாத்திரை போடவில்லை. டிசம்பர் 18 வரை போடக் கூடாது.

சாப்பிடுவதை எல்லாம் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் மதுரை டாக்டர் நஸ்ரின். அதற்காக வாங்கிய டைரி இது. இருபத்தேழு வருடமாகக் கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்துகிறவனுக்கு இட்லி, கஞ்சி என்று எழுதிவிட்டு நிறுத்த முடியாது. எழுதுகிறேன்.

செப்டம்பரில் என் கழுத்திலிருந்து தைராய்டு சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். புற்றுநோய். எடுத்த பிறகும் கழுத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நுரையீரலில் இரண்டு புள்ளிகள். இவற்றைக் கொல்லக் கதிரியக்க அயோடின் கொடுப்பார்கள். தைராய்டு செல் உடம்பில் எங்கே ஒளிந்திருந்தாலும் அயோடினைத் தேடிக் குடிக்கும். குடித்தது விஷம் என்பதால் செத்துப்போகும். ஆனால் அதற்குத் தாகம் இருக்க வேண்டும். அதனால்தான் நான்கு வாரம் ஹார்மோன் மாத்திரை நிறுத்தம். சாப்பாட்டிலும் அயோடின் கூடாது. அயோடின் உப்பு, மீன், கருவாடு, பால், தயிர், முட்டையின் மஞ்சள் கரு, கடைப் பலகாரம் எதுவும் கூடாது.

அந்த மருத்துவமனையில் இதற்கென்று ஈயத் தகடு பதித்த அறை ஒன்றுதான் இருக்கிறது. 18ஆம் தேதியைத் தவறவிட்டால் அடுத்து மார்ச். "அந்தப் புள்ளிகள் மார்ச் வரை சும்மா இருக்குமா?" என்று கேட்டேன். "இருக்கலாம் சார்" என்றார். அந்த 'லாம்' எனக்குப் பிடிக்கவில்லை.

மாத்திரையை நிறுத்தாமலே இதைச் செய்ய ஓர் ஊசி உண்டாம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். வேண்டாம் என்றேன். நான்கு வாரம் தாங்க முடியாதவனா நான்?

நவம்பர் 22, சனி

உப்புப் பிரச்சினையை நானே தீர்த்துவிட்டேன். பாக்கெட்டில் வரும் தூள் உப்பில் அயோடின் இருக்கும். கடையில் கல் உப்பு வாங்கி வரச் சொன்னேன். அதையும் நம்பாமல் சோதித்தேன். அரிசிக் கஞ்சியை ஆற வைத்து, அதில் உப்பைப் போட்டுக் கலக்கினால், அயோடின் இருந்தால் கஞ்சி நீலமாகும். முதலாம் ஆண்டு மாணவனுக்கும் தெரிந்த சோதனை.

சமையலுக்கு வரும் பேச்சியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். வெகு காலமாக இந்த வீட்டுக்கு வருகிறவள், அந்த உரிமையில் பேசுவாள்.

"என்ன சார், கஞ்சியில உப்பப் போட்டுட்டு உத்துப் பாத்துட்டு இருக்கிய? குடிக்கப் போறியளா, ஜோசியம் பாக்கப் போறியளா?"

"அயோடின் இருந்தா நீலமாகும். ஆகல பாரு."

"ஆகாட்டா?"

"நான் சாப்பிடலாம்."

"இத முன்னாடியே சொல்லியிருந்தா சூடா தந்திருப்பேன்லா. ஆறிப்போச்சி பாருங்க" என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

கடைசியாக இந்தச் சோதனையை நான் செய்தது தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில், என் மாமனார் வீட்டில். அவர் உப்பளக்காரர். வருடாவருடம் ஒரு மூட்டை உப்பு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அப்போது அவர் மகள் செல்வகனிக்குக் கழுத்து லேசாக வீங்கியிருந்தது, உடம்பும் பெருத்துக்கொண்டே போயிற்று. ஆடி விருந்தில் இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, அவர்கள் வீட்டுக் கஞ்சியையே வாங்கி, அவர்கள் உப்பையே போட்டு, இந்த ஸ்டார்ச் பாடத்தை நடத்திக் காட்டினேன். நீலம் வரவில்லை. "உங்க மகள் கழுத்து வீங்கினதுக்கு உங்க உப்புதான் காரணம்" என்றேன். மாமனார் இலையை மடித்துவிட்டு எழுந்து போனார்.

உண்மையைச் சொன்னால் இலையை மடிக்கிற மனிதர்கள்.

நவம்பர் 24, திங்கள்

கோதுமைக் கஞ்சி, வாழைப்பழம், சோறு, பூசணிக்காய்க் கூட்டு. வேறொன்றும் இல்லை.

நவம்பர் 28, வெள்ளி

மழை. பாளையங்கோட்டையில் இந்த மழைக்கெல்லாம் யாருக்கும் குளிராது. எனக்குக் குளிர்கிறது. விரல் நுனி, மூக்கு நுனி, பிறகு முதுகுக்குள். மின்விசிறியை நிறுத்தினேன். பேச்சியம்மாள் வியர்த்து வழிந்து திரும்பப் போட்டாள். மறுபடி நிறுத்தினேன்.

பழைய பழுப்பு ஸ்வெட்டரைத் தேடி பீரோவைக் குடைந்தேன். பிறகுதான் நினைவு வந்தது. அது என்னிடம் இல்லை. செல்வகனி அதை எடுத்து மாட்டிக்கொண்டு திரிவாள். சித்திரை மாதத்தில், ஊரே வெந்துகொண்டிருக்கும்போது, ஸ்வெட்டர். வீட்டுக்கு வந்த துறைத் தலைவர் டேனியலின் மனைவி அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அன்று மாலையே அதைக் கல்லூரிக் காவலாளியிடம் கொடுத்துவிட்டேன். நல்ல கம்பளி.

செல்வகனி என் மனைவி. பதினோரு வருடமாகத் தன் தம்பி வீட்டில் இருக்கிறாள். விவாகரத்து இல்லை, சண்டை இல்லை. ஒருநாள் தம்பி லிங்கதுரை வண்டி கொண்டுவந்து கூட்டிப் போனான். நான் கல்லூரியிலிருந்து திரும்பியபோது அடுப்பு அணைத்து, பாத்திரம் கழுவி, வீடு பூட்டியிருந்தது. சாவி பேச்சியம்மாளிடம்.

நவம்பர் 30, ஞாயிறு

நான் மதியம் தூங்குகிறவன் அல்ல. தூங்குகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. இன்று சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவன், எழுந்தபோது தெருவில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளைப்போலக் காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. மாலை ஆகிவிட்டது.

என்னை எழுப்பியது காலடிச் சத்தம். சமையலறையிலிருந்து கூடத்துக்கு. ரப்பர் செருப்பைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து. இரண்டு அடி, ஒரு நிறுத்தம். மறுபடி இரண்டு அடி.

"பேச்சி" என்று கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவள் வருவதில்லை.

டிசம்பர் 1, திங்கள்

கேஸ் ஏஜென்சியிலிருந்து போன். நான் பேசியதைக் கேட்டுவிட்டு அந்தப் பெண், "பெரியவரே, வீட்டுல வேற யாராவது இருந்தா போனைக் குடுங்க" என்றாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு குரல் கட்டியிருக்கிறது. இப்போது இன்னும் தடித்து, ஒவ்வொரு சொல்லும் சேற்றிலிருந்து காலை எடுப்பதுபோல வருகிறது.

இதே ஏஜென்சியில் செல்வகனியை "சார்" என்று கூப்பிடுவார்கள். அவ்வளவு கட்டைக் குரல் ஆகியிருந்தது அவளுக்கு. அதை ஆசிரியர் அறையில் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான்.

டிசம்பர் 2, செவ்வாய்

எடை பார்த்தேன். நான்கு கிலோ கூடியிருக்கிறது. பத்து நாளாக வெறும் கஞ்சியும் காயும் தின்கிறவனுக்கு நான்கு கிலோ. இது சாத்தியமே இல்லை. உடம்புக்குள் போவது குறைந்தால் எடை குறையும். இதை வருடக்கணக்கில் வகுப்பிலும் வீட்டிலும் சொல்லியிருக்கிறேன். ஞாயிறுதோறும் செல்வகனியை இதே எடை எந்திரத்தில் ஏற்றிச் சமையலறைக் காலண்டரில் குறித்து வைப்பேன். "நான் ஒண்ணுமே சாப்பிடலங்க" என்பாள். ஒன்றுமே சாப்பிடாதவர்களின் எடை எப்படி ஏறும்? காலையில் மைதானத்தைச் சுற்றி நடக்க வைத்தேன். சோற்றைக் குறைத்தேன். அவள் அப்பன் வீட்டு உப்பை நிறுத்தி, பாக்கெட் உப்புக்கு மாற்றி, கூடவே கடற்பாசி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அத்தனையும் அயோடின். எதற்கும் அவள் உடம்பு இணங்கவில்லை. கழுத்து இன்னும் வீங்கியது.

எந்திரத்தின் சுருள் துருப்பிடித்திருக்கும். பழசு.

டிசம்பர் 3, புதன்

ஐந்து கிலோ அரிசிப் பையைப் பிரிக்காமல் எடை எந்திரத்தில் வைத்துப் பார்த்தேன்.

எந்திரம் சரியாக இருக்கிறது.

டிசம்பர் 4, வியாழன்

மதுரை. வாடகைக் காரில் போய்வந்தேன். வண்டி ஓட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

டாக்டர் நஸ்ரினுக்கு என் மாணவிகளின் வயது. டைரியில் சாப்பாட்டுப் பகுதியை மட்டும் காட்டினேன். மற்ற பக்கங்களைக் கையால் மூடிக்கொண்டேன்.

"உப்பு என்ன பிராண்டு சார்?"

"கல் உப்பு. டெஸ்ட் பண்ணித்தான் சாப்பிடறேன்." கஞ்சிச் சோதனையைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் முகத்தில் ஒரு சங்கடம். "சார், நம்ம ஊர் உப்புல போடறது அயோடேட். அது வெறும் ஸ்டார்ச்சோட சேர்ந்தா நீலம் வராது. கூட ஆசிடும் அயோடைடும் வேணும். நீங்க எந்த உப்பைப் போட்டாலும் உங்க கஞ்சி வெள்ளையாத்தான் சார் இருக்கும்." கைப்பேசியில் கல் உப்பு பாக்கெட் ஒன்றின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். அடியில், எறும்பு எழுத்தில், அயோடின் கலந்தது.

இரண்டு வாரம் வீண்.

"இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. இன்னிக்கே ஆரம்பிச்சா பிடிச்சிடலாம். ஆனா இனி ஒரு துளி போகக் கூடாது. 17ஆம் தேதி யூரின்ல அயோடின் பாப்பேன். அதிகமா இருந்தா ரூமை அடுத்த பேஷன்ட்டுக்குக் குடுத்துடுவேன். டோஸ் குடுத்தும் பிரயோஜனம் இருக்காது."

திரும்பி வரும்போது கோவில்பட்டி தாண்டும்வரை ஒன்றையே யோசித்துக்கொண்டு வந்தேன். முள்ளக்காட்டில் அன்று நான் பாக்கெட் உப்பையும் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வைத்துச் சோதித்திருக்க வேண்டும். அதுவும் வெள்ளையாகவே இருந்திருக்கும். கன்ட்ரோல் வைக்காத சோதனை சோதனையே அல்ல. முறையியல் பிழை. அவ்வளவுதான்.

டிசம்பர் 5, வெள்ளி

தெருவில் சைக்கிளில் உப்பு விற்கிறவரை நிறுத்தினேன்.

"இதுல அயோடின் இருக்கா?"

"இருக்கணுமா சார், இருக்கக் கூடாதா?"

"இருக்கக் கூடாது."

"இல்ல சார். சுத்தமா இல்ல."

எதிர் வீட்டு அம்மாள் அதற்குள் வந்து, "அயடின் இருக்காய்யா? டாக்டர் இருக்கணும்னு சொன்னாவ" என்றாள்.

"நெறைய இருக்கு தாயி" என்று அதே மூட்டையில் கைவிட்டு அளந்து போட்டார்.

நம்பகமான உப்பு ஓர் இடத்தில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். உப்பளத்தில் குவித்து வைத்திருக்கும் அம்பாரத்திலிருந்து, அயோடின் தெளிக்கும் முன்பே அள்ளியது. அந்த வாசலில் போய் நிற்பதைவிட உப்பில்லாமலே இருந்துவிடுவேன்.

இன்று முதல் உப்பில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

உப்பில்லாச் சோறு.

மதியம் மூன்று மணிவாக்கில் மறுபடி அந்தச் செருப்பு. இந்த முறை நான் படுத்திருந்தேன், தூங்கவில்லை. கூடத்துச் சுவரில் கை வைத்துக்கொண்டு நடக்கிறவர்களின் வளையல் சுவரில் உரசுமே, அந்தச் சத்தமும். கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தேன். எழுந்து பார்க்கலாம் என்றால் உடம்பு எழவில்லை.

செத்தவர்கள் வருவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். செல்வகனி சாகவில்லை. நன்றாக இருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தேன். பந்தியில் யாரிடமோ கை நீட்டிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பாதி ஆள் ஆகியிருந்தாள். தூத்துக்குடியில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, தினம் காலையில் ஒரு சின்ன மாத்திரை கொடுத்தாராம். அவ்வளவுதானாம். லிங்கதுரையின் உப்பளக் கணக்கு முழுவதும் இப்போது அவள் கையில், ஸ்கூட்டர்கூட ஓட்டுகிறாள் என்று யாரோ சொன்னார்கள். என் வீட்டில் இளைக்காத உடம்பு அங்கே போய் இளைத்தது. நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

அப்படியானால் என் கூடத்தில் நடப்பது யார்?

டிசம்பர் 9, செவ்வாய்

காலையில் குளியலறை வாசலில் விழுந்திருக்கிறேன். எனக்கு நினைவில்லை. பேச்சியம்மாள் தண்ணீர் தெளித்து எழுப்பி, ஆட்டோ பிடித்து, பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். சோடியம் மிகவும் இறங்கியிருக்கிறது. பாட்டிலில் ஏற்றினார்கள். டாக்டர் நஸ்ரினுக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார்கள்.

"உப்பை நிறுத்தச் சொல்லலியே சார். அயோடினைத்தானே நிறுத்தச் சொன்னேன்? தைராய்டும் இல்லாம உப்பும் இல்லாம இருந்தா இப்படித்தான் ஆகும். சோடியம் இப்படியே இருந்தா 18ஆம் தேதி உங்களைத் தனி ரூம்ல விட முடியாது. அங்க நீங்க விழுந்தா யாரும் ஓடி வந்து தூக்கக்கூட முடியாது. அயோடின் இல்லாத உப்பு எங்கயாவது வாங்குங்க. தூத்துக்குடி பக்கத்துலதானே இருக்கு, தெரிஞ்சவங்க யாரும் இல்லையா?"

"விசாரிக்கறேன்" என்றேன்.

டிசம்பர் 10, புதன்

போன் செய்தேன். லிங்கதுரையின் எண் பழைய டைரியில் இருந்தது. ஒரு பெண் எடுத்தாள். மணியான, விறுவிறுப்பான குரல். அவன் மனைவியாக இருக்கும் என்று நினைத்தேன்.

"லிங்கதுரை இருக்காரா?"

"களத்துக்குப் போயிருக்கான். நீங்க யாரு?"

"பாளையங்கோட்டையிலருந்து பேசறேன். செல்வகனி... செல்வகனி இருக்காங்களா?"

அந்தப் பக்கம் மழைக்காலத்து உப்பளத்துக் காற்று இரைந்தது.

"நாந்தான் பேசுதேன்" என்றாள். "உங்க குரலா இது?"

"தொண்டையில ஆபரேஷன்."

"கேள்விப்பட்டேன். ஆனா இது ஆபரேஷன் குரல் இல்ல. இது ஏங் குரலுல்லா. இத எங்க கேட்டாலும் எனக்குத் தெரியும்."

நான் விஷயத்தைச் சொன்னேன். ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க எனக்கு நெடுநேரம் ஆயிற்று. அவள் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் சிரித்தாள். கல்யாண மண்டபத்தில் கேட்ட அதே சிரிப்பு.

"எங்க அய்யா உப்பா? கழுத்து வீங்குத உப்புலா அது? நீங்க கஞ்சியில போட்டு எல்லாருக்கும் காட்டுனியளே."

"ஒரு கிலோ போதும்" என்றேன்.

"ஒரு கிலோவா? இங்க லாரில ஏத்துவோம், மூட்டையில ஏத்துவோம். ஒரு கிலோ எப்படி நிறுக்கணும்னே எங்காளுவளுக்குத் தெரியாது." பிறகு குரல் மாறியது. "குளிருதா?"

"இல்ல."

"மத்தியானம் தூக்கம் வருதா?"

"இல்ல."

"சரி" என்றாள். "லிங்கத்த அனுப்புதேன். கரையில நேரா அள்ளுனது, ஒண்ணும் தெளிக்கல. ஒங்க டாக்டரம்மாவ நல்ல கெமிக்கல் வச்சி டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க."

வைத்துவிட்டாள்.

டிசம்பர் 11, வியாழன்

லிங்கதுரை வந்தான். தலை நரைத்துவிட்டது. வாசலில் நின்றபடியே என்னைப் பார்த்தவன், சண்டைக்குத் தயார் செய்துகொண்டு வந்த முகத்தை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். என் முகம் ஊதி, கண் இமைகள் தொங்கி இருக்கின்றன என்று எனக்கே தெரியும்.

"என்ன அத்தான், அக்கா இருந்த மாதிரியே இருக்கிய" என்றான்.

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தான். பேச்சியம்மாள் தண்ணீர் கொண்டுவந்தாள். அதைத் தொடாமல் தன் பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் குடித்தான். இந்த வீட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று, அக்காவைக் கூட்டிப்போன அன்று வாசலில் நின்று பேச்சியம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனவன். மறக்கவில்லை. நானும் மறக்கிறவன் அல்ல. அந்த ஒன்றில் அவனை எனக்குப் பிடிக்கும்.

துணிப்பையை மேசைமேல் வைத்தான். உள்ளே பழுப்பேறிய பெரிய பெரிய கற்கள். "மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தோம். பிரிச்சி நடுவுலருந்து அள்ளுனேன். அக்கா கூடவே நின்னா."

"உங்க அப்பா காலத்து அளமா?"

"அதேதான்." ஒரு உப்புக் கல்லை எடுத்து உள்ளங்கையில் உருட்டினான். "ஒண்ணு சொல்லுதேன் அத்தான், சண்டைக்கு இல்ல. இலை போட்டா மொதல்ல உப்புதான வப்பாவ? நீங்க அன்னைக்கி வந்துட்டுப் போனதுலருந்து அய்யா எங்க வீட்டுப் பந்தியில உப்பு வைக்க விடல. 'வேணுங்கிறவன் கேட்டு வாங்கிக்கிடட்டும், நாமளா வைக்கக் கூடாது'ன்னுட்டாவ. சாகுத வரைக்கும் அப்படித்தான். அவுக பதினாறாம் நாள் இலையிலகூட வைக்கணுமா வேண்டாமான்னு எங்களுக்குத் தெரியல."

"வச்சீங்களா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

"அக்காதான் வச்சா."

போகும்போது பையின் அடியிலிருந்து இன்னொரு பொட்டலத்தை எடுத்தான். சாம்பல் நிற ஸ்வெட்டர், பெண்கள் அணிவது. இரண்டு ஆள் நுழையும் அளவு. "அங்க வந்த புதுசுல போட்டது. இப்ப அக்காவுக்கு ஆகாது. குளிரலன்னு சொன்னியளாம். அதான் குடுத்துவிட்டா."

ஸ்வெட்டரை நான் போடப் போவதில்லை.

டிசம்பர் 13, சனி

போட்டுக்கொண்டேன். சரியாக இருக்கிறது.

டிசம்பர் 15, திங்கள்

லிங்கதுரை வந்த அன்றிலிருந்து உப்பு போட்ட சோறு. முதல் வாயில் நாக்கு உறைந்துவிட்டது. வெறும் சோறும் உப்பும் இவ்வளவு தின்ன முடியும் என்று தெரியாது.

மதியம் பேச்சியம்மாள் சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் கூடத்திலிருந்து தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பாமலே, "யக்கா, தண்ணி நாந் தாரேன், நீங்க இருங்க" என்றாள். பிறகு திடுக்கிட்டுத் திரும்பினாள். கையில் சாம்பல் வடிந்தது.

"மன்னிச்சிக்கிடுங்க சார். நடை சத்தம் அப்படியே செல்வக்கா நடை. செருப்ப இழுத்து இழுத்து, செவுத்தப் புடிச்சிக்கிட்டு. அவுகளும் இந்நேரந்தான் தண்ணி குடிக்க வருவாவ."

"அவ எந்நேரமும் தூங்கிட்டில்ல இருந்தா?"

"எங்க தூங்குனாவ? படுத்துக் கெடப்பாவ. எந்திரிக்க முடியலட்டி பேச்சின்னு அழுவாவ. நீங்க காலேஜ்லருந்து வார நேரம் பாத்து மூஞ்சியக் கழுவிட்டு உக்காந்துக்கிடுவாவ."

சத்தத்துக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. நான் நடக்கிற சத்தம்தான். மந்தமான மூளை அதை வேறொருவருடையதாகக் கேட்டிருக்கிறது. எளிய விளக்கம். 7ஆம் தேதி நான் படுத்திருந்தபோது கேட்டதற்கும் வளையலுக்கும் இது பொருந்தாது. அதைப் பிறகு யோசிக்கலாம்.

என் ஆராய்ச்சி தலைப்பிரட்டைகளைப் பற்றியது. முட்டையிலிருந்து வந்ததும் தைராய்டை எடுத்துவிட்டால் அது தவளையாகாது. கால் முளைக்காது. தொட்டியின் அடியில் கிடந்து பெருத்துக்கொண்டே போகும். நான்கு வருடம் அவற்றைத் தினம் எடை போட்டேன். என் வழிகாட்டி அந்த முடிவுகளைத் தன் பெயரில் வெளியிட்டுக்கொண்டார். தைராய்டைப் பற்றி இந்த ஊரில் என்னைவிட அதிகம் தெரிந்தவன் யாரும் இருந்ததில்லை. அதற்கு ஒரு டாக்டர் பட்டம்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

டிசம்பர் 17, புதன்

மதுரை. சோடியம் ஏறிவிட்டது. சிறுநீரில் அயோடின் இருக்கவேண்டிய அளவுக்குக் கீழே. "எங்க சார் பிடிச்சீங்க இந்த உப்பை? அருமை" என்றார் டாக்டர் நஸ்ரின். நாளை அறை எனக்கு.

டிசம்பர் 18, வியாழன்

ஈயப் பெட்டிக்குள் ஒரு குப்பி, குப்பிக்குள் ஒரு குளிகை. விழுங்கினேன். டாக்டர் வாசலுக்கு வெளியே கோடு தாண்டாமல் நின்று பேசினார்.

"வீட்டுல யார் யார் இருக்கீங்க சார்?"

"நானும் என் மனைவியும்."

"அப்போ வீட்டுக்குப் போனப்புறம் ஒரு வாரம் அவங்க பக்கத்துல வரக் கூடாது. தனி ரூம்ல படுங்க."

"சரி" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. திருத்திச் சொல்வதற்குள் கதவு மூடிவிட்டது.

இங்கே காலடிச் சத்தமே இல்லை. சாப்பாட்டை ஒரு முக்காலியில் வைத்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். டைரியை வெளியே கொண்டுபோக முடியுமா என்று தெரியாது. அதில் கதிர்வீச்சு ஒட்டியிருக்கிறதா என்று அளந்து பார்த்துச் சொல்வார்களாம்.

டிசம்பர் 20, சனி

ஸ்கேன். கழுத்தில் இருந்ததும் நுரையீரலின் இரண்டு புள்ளிகளும் அயோடினை நன்றாகக் குடித்திருக்கின்றன. "தாகத்தோட இருந்திருக்கு சார். குடிச்சதெல்லாம் இனி மெல்லச் செத்துடும். இதைத்தான் நாங்க எதிர்பார்த்தோம்." டைரியும் தப்பித்தது.

நாளை முதல் மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில். பிறகு அரை மணி நேரம் காபி கூடாது.

டிசம்பர் 22, திங்கள்

கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறேன். படுக்கையறைக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன். ஒரு வாரம் பக்கத்தில் வரக் கூடாது.

மதியம் அந்தக் கதவுக்குப் பின்னால் கட்டில் முனகியது. ஒருவர் திரும்பிப் படுக்கிற சத்தம்.

"எழுந்திருக்க வேண்டாம், படு" என்றேன். என் குரலில்தான் சொன்னேன். அதாவது இப்போது இருக்கிற குரலில்.

ஜனவரி 8, வியாழன்

எடை குறைந்துகொண்டு வருகிறது. முகத்தில் வீக்கம் வடிந்துவிட்டது. மின்விசிறி ஓடுகிறது. கல்லூரிக்கு 19ஆம் தேதி போகலாம் என்று நினைக்கிறேன். நான் இல்லாத நேரம் பார்த்து டேனியல் என் ஆய்வகத்தைப் பிரித்து வேறு யாருக்கோ கொடுத்திருக்கிறானாம். பார்த்துக்கொள்கிறேன்.

"இப்பத்தான் சார் பழையபடி வெரசா நடக்கிய" என்றாள் பேச்சியம்மாள்.

படுக்கையறையில் சத்தம் இல்லை.

ஜனவரி 14, புதன்

ஸ்வெட்டரைத் துவைத்து மடித்துத் திருப்பி அனுப்பலாம் என்று போன் செய்தேன். அவளே எடுத்தாள். "குரல் தேறிட்டே" என்றாள். அவ்வளவுதான். "அத நீங்களே வச்சிக்கிடுங்க, இங்க யாருக்கும் அது வேண்டாம்." பின்னால் லாரி ஹார்ன் அடித்தது. வைத்துவிட்டாள்.

ஜனவரி 24, சனி

மதுரை. எல்லாம் நல்லபடியாக இருக்கிறது.

"அடுத்த டிசம்பர்ல ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பாக்கணும் சார். அதுக்கும் நாலு வாரம் மாத்திரையை நிறுத்தணும், அதே பத்தியம். ஆனா பயப்படாதீங்க. நீங்க போன தடவை பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்த ஊசியை இப்பவே சொல்லிவெச்சா இன்சூரன்ஸ்லயே வாங்கிடலாம். மாத்திரையை நிறுத்தவே வேண்டாம். ஒண்ணுமே தெரியாது."

"ஊசி வேண்டாம்" என்றேன்.

"ஏன் சார்? செலவு உங்களுக்கு இல்ல."

"நிறுத்திக்கறேன்."

கோப்பை மூடி வைத்தார். பிடிவாதக்காரக் கிழவன் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் துணிப்பையில் மிச்சமிருந்த உப்பைப் பீங்கான் ஜாடியில் கொட்டி, வாயைத் துணியால் கட்டி, பரண்மேல் வைத்தேன். ஸ்வெட்டரைப் பக்கத்தில் வைத்தேன்.

"அத எதுக்கு சார் அம்புட்டு ஒசரத்துல? இங்கன வச்சா கொழம்புக்குப் போட்டுத் தீத்துருவேன்லா" என்றாள் பேச்சியம்மாள்.

"தொடாத. டிசம்பருக்கு."

அவள் போன பிறகு மதியம் படுத்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, சமையலறைப் பக்கம் காதை வைத்துக்கொண்டு. தூக்கம் வரவில்லை. யாரும் நடக்கவில்லை.

ஜாடியை நன்றாகத்தான் கட்டியிருக்கிறேன். உப்பு கெடாது.